ஆளுக்கு ஒரு பழக்கம்

எங்கள் அலுவலகத்தில் அந்த மென்பொருளுக்கு மாமியார் என்று பெயர். கம்பெனி வைத்த பெயர் வேறு. அதை விற்பனைக்காரர்கள் மட்டும்தான் சொல்வார்கள். யார் வந்தார்கள், யார் போனார்கள், எதைத் தொட்டார்கள், இன்றைக்கு ஏன் இவ்வளவு நேரம் என்று நாள் முழுக்கக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருப்பதால் யாரோ ஒரு நொந்துபோன மருமகள் வைத்த பெயர் அது. எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஆனாலும் மாமியார் மட்டும் வாய்த்துவிட்டாள் என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

வேலை இதுதான். ஊர் ஊராகக் கிளை வைத்திருக்கும் கடைகள், கிளினிக்குகள், கூரியர் ஆபீஸ்கள் எல்லாம் எங்கள் வாடிக்கையாளர்கள். ஒவ்வொரு கிளைக்கும் கம்ப்யூட்டர் பாதுகாப்பு தெரிந்த ஆளை வைக்க யாருக்குக் கட்டுப்படியாகும்? அதனால் நாங்கள் ஒரு சின்னப் பெட்டியை அனுப்புவோம். சுவரில் மாட்டி ஒயரைச் செருகினால் போதும். அதற்குப் பிறகு அந்தக் கிளையின் பில் மெஷின், கேமரா, டெலிபோன், ஷட்டர் பூட்டு எல்லாம் அந்தப் பெட்டி வழியாகத்தான். பெட்டிக்குச் சொந்த மூளை கிடையாது. பாஸ்வேர்ட் சரியா என்று மட்டும் பார்க்கும், மற்ற எல்லாவற்றுக்கும் கிளவுடில் இருக்கும் மாமியாரைக் கேட்கும். மாமியாருக்குச் சந்தேகம் வந்தால் எங்களைக் கேட்பாள். உள்ளே விடலாமா, கூடாதா என்ற ஒரே கேள்விக்குப் பதில் சொல்லித்தான் நாங்கள் சம்பளம் வாங்குகிறோம். நாங்கள் காவல் காக்கும் கதவுகளில் ஒன்றைக்கூட நாங்கள் கண்ணால் பார்த்ததில்லை.

பாஸ்வேர்டை யார் வேண்டுமானாலும் திருடலாம். பாதிப் பேர் அதைத் துண்டுச் சீட்டில் எழுதி மானிட்டரிலேயே ஒட்டி வைத்திருக்கிறார்கள். அதனால் மாமியார் பாஸ்வேர்டை மட்டும் நம்புவதில்லை. ஆளின் பழக்கத்தைப் பார்ப்பாள். ஒரு எழுத்திலிருந்து அடுத்த எழுத்துக்குப் போக எவ்வளவு தயங்குகிறார், எங்கே தப்பு விடுகிறார், வந்ததும் முதலில் எதைத் திறக்கிறார் என்று எல்லாவற்றையும் மனசில் போட்டு வைத்திருப்பாள். பழக்கம் மாறினால் எங்கள் திரையில் மஞ்சளாக ஒரு கட்டம் வரும். இவர் அவர்தானா? கீழே இரண்டு பொத்தான்கள்: தெரிந்தவர், தெரியாதவர். தெரியாதவர் என்று அழுத்தினால் கணக்கு பூட்டப்படும். தெரிந்தவர் என்று அழுத்தினால் பழைய பழக்கத்தை அழித்துவிட்டுப் புதியதை எழுதிக்கொள்வாள். இரண்டையும் வைத்துக்கொள்ள மாட்டாள். ஆளுக்கு ஒரு பழக்கம்தான். இரண்டாவதுக்கு இடம் கொடுத்தால் அதில் திருடன் வந்து உட்கார்ந்துகொள்வான் என்பது கணக்கு.

கையை உடைத்துக்கொண்டவர்கள், புதுக் கண்ணாடி போட்டவர்கள், காதலில் விழுந்தவர்கள் என்று தினமும் சிலர் மஞ்சளாவார்கள். போன் போட்டு விசாரித்துவிட்டு, தெரிந்தவர் என்று அழுத்திவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். ஒரு நாள் மஞ்சளில் என் அண்ணன் கணக்கு வந்தது.

அண்ணன் ஒரு பெரிய பலசரக்குக் கடையில் ஸ்டாக் சரிபார்க்கிறவன். அந்தக் கடையும் எங்கள் வாடிக்கைதான். கிளை கிளையாகப் போய், அலமாரியில் இருப்பதும் கம்ப்யூட்டரில் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பான். ஒத்துப்போகாது. கத்துவான். கத்துவதற்குத்தான் அவனுக்குச் சம்பளம் என்று நினைக்கிறேன். வீட்டிலும் அதே வேலையைச் சம்பளம் இல்லாமல் பார்ப்பான். மூக்குக்கு மேல் கோபம். கதவை உதைத்துத் திறப்பான், செருப்பை மூலைக்கொன்றாக எறிவான், தண்ணீர் குடித்தால்கூடச் சண்டை போடுகிற மாதிரி குடிப்பான்.

அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்த அன்று வாயுப்பிடிப்பு என்று நினைத்து அம்மா சுடுதண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்துவிட்டாள். அண்ணன் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்றோடு அவளை அம்மா என்று கூப்பிடுவதை நிறுத்தினான். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, "அந்தம்மாவ சாப்பாடு போடச் சொல்லு" என்று என்னிடம் சொல்வான். அவள் உள்ளே இருந்தே கேட்டுவிட்டுத் தட்டை எடுப்பாள். வருஷக்கணக்கில் இப்படித்தான். அதே அண்ணன்தான் என்னைப் படிக்க வைத்தான். கத்திக்கொண்டே ஃபீஸ் கட்டினான், கத்திக்கொண்டே ஒவ்வொரு பரீட்சைக்கும் வண்டியில் கொண்டுபோய் விட்டான். எனக்கு அவன்மேல் கோபம் உண்டு, பயமும் உண்டு. பாசம் அந்த இரண்டையும்விடக் கொஞ்சம் கூடுதல்.

மழைக்காலத்தில் அவன் மலைமேல் இருக்கிற ஒரு கிளைக்குப் போயிருந்தான். பிடித்த மழை விடவில்லை. சாயங்காலம் மண்சரிவு ஏற்பட்டு ரோடு போனது, டவர் சாய்ந்தது, கேபிள் அறுந்தது. எங்கள் பெரிய திரையில் பச்சையாக இருந்த அந்தக் கிளை சாம்பல் நிறமானது. சாம்பல் என்றால் அங்கே இருக்கும் பெட்டியோடு பேச முடியவில்லை என்று அர்த்தம். அந்தக் கடைத்தெருவையே காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம். கடை ஆட்கள் மழை வலுக்கும் முன்பே இறங்கிவிட்டார்கள். அண்ணன் மட்டும், எண்ணி முடிக்காமல் வர மாட்டேன் என்று அவர்களோடு ஒரு சண்டை போட்டுவிட்டு அங்கேயே நின்றிருக்கிறான்.

இரண்டு நாள் எனக்கும் அம்மாவுக்கும் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் நான் ஆபீஸில் இருக்கும்போது அம்மா போன் செய்தாள். "வந்துட்டான்டி. நடந்தே வந்துட்டான்" என்றாள். எனக்கு உயிர் வந்தது. கம்பெனிக்கும் தகவல் சொன்னோம். ஆள் பத்திரம் என்று அவர்களும் நிம்மதியாகி, ரோடு சரியாகிற வரைக்கும் அந்தப் பக்கம் யாரும் போக வேண்டாம் என்று கிளையை அப்படியே விட்டுவிட்டார்கள்.

சில நாள் ஓய்வெடுத்துவிட்டு அண்ணன் நகரத்துக் கிளை ஒன்றுக்கு வேலைக்குப் போனான். போன முதல் நாளே மாமியார் மஞ்சள் காட்டினாள்.

சொந்தக்காரர்கள் விஷயம் வந்தால் பக்கத்து சீட்டுக்குத் தள்ளிவிட வேண்டும் என்பது எங்கள் விதி. நான் தள்ளவில்லை. என்னதான் செய்திருக்கிறான் என்று பார்க்கிற ஆசை. திறந்து பார்த்தேன். அண்ணன் பாஸ்வேர்டை முதல் தடவை தப்பாகத்தான் அடிப்பான், அவசரம். இரண்டாம் தடவை சரியாக அடிப்பான். வருஷக்கணக்கான பதிவில் இது மாறியதே இல்லை. இப்போது முதல் தடவையே சரி. அண்ணன் ஸ்டாக் பட்டியலைக் கீழேயிருந்து மேலே பார்ப்பான்; திருட்டு எப்போதும் அடித்தட்டில்தான் நடக்கும் என்பது அவன் சித்தாந்தம். இப்போது மேலேயிருந்து கீழே. இவையெல்லாம் பரவாயில்லை. எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளியைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மனுஷர்கள் சில எழுத்துகளை வேகமாக அடிப்போம், சிலவற்றைத் தேடுவோம். இங்கே எல்லா இடைவெளியும் ஒன்றாக இருந்தது. நாள் முழுக்க, ஒவ்வொரு எழுத்துக்கும், ஒரே அளவு.

மழையில் அடிபட்டு வந்திருக்கிறான், உடம்பு சரியில்லை என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு "பிறகு பார்க்கலாம்" என்று ஒதுக்கி வைத்தேன். மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும்.

உண்மையைச் சொன்னால், வீட்டில் எனக்கே தெரிந்துதான் இருந்தது. செருப்பு இரண்டும் ஜோடியாக வாசலில் இருந்தன. சாப்பிட்ட தட்டை அவனே கழுவி வைத்தான். சாயங்காலம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அவள் காலைப் பிடித்துவிட்டபடி, அவள் சொல்கிற பழைய கதையெல்லாம் கேட்டான். "அப்பறம் என்ன ஆச்சும்மா?" என்று கேட்டான். அம்மாவின் முகத்தில் பத்து வயசு குறைந்திருந்தது. கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா என்று நான் கிண்டல் செய்தால் அவன் சிரித்தான். அண்ணன் சிரிக்கிறான்! நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு என் அறைக்குப் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டேன். ஏன் போட்டேன் என்று எனக்கே புரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவனைச் சோதித்துப் பார்த்தேன். சின்ன வயசு விஷயங்களைக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் சரியான பதில். அண்ணன் ஒரு நாளும் எதற்கும் சரியான பதில் சொன்னதில்லை, "அது எதுக்குடி இப்ப உனக்கு?" என்றுதான் சொல்வான். வேண்டுமென்றே அவன் வெள்ளைச் சட்டையில் டீயைக் கொட்டினேன். அண்ணனாக இருந்தால் வீடு ரெண்டுபட்டிருக்கும். இவன் சட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "பரவால்ல வாயாடி, தொவச்சுக்கலாம்" என்றான். வாயாடி என்று என்னைக் கூப்பிடுவது அண்ணன் மட்டும்தான்.

கடைசியாக, "கை வலிக்குது, இத அடிச்சுக் குடேன்" என்று என் லேப்டாப்பை அவனிடம் கொடுத்துவிட்டு, முதுகைக் காட்டி ஜன்னல் பக்கம் நின்றுகொண்டேன். டக், டக், டக், டக். சரியாக மூடாத குழாய் சொட்டுகிற மாதிரி, ஒரு நூல் பிசகாமல். கேட்கக் கேட்க என் மூச்சும் அந்தக் கணக்குக்கு வந்துவிட்டது. பயந்துபோய் மூச்சை அடக்கினேன். சத்தம் நின்றது. நான் மூச்சு விட்டேன். டக், டக், டக். திரும்பிப் பார்த்தேன். அவன் திரையைப் பார்க்கவில்லை. என் முதுகைப் பார்த்துக்கொண்டு அடித்துக்கொண்டிருந்தான். முகத்தில் அதே நல்ல சிரிப்பு.

மஞ்சள் ஆரஞ்சானது. ஒதுக்கி வைத்துக்கொண்டே போனால் கடைசியில் அது எங்கள் சூப்பர்வைசர் மேஜைக்குப் போய்விடும். அவருக்கு ஆபீஸில் சட்டம் என்று பட்டப்பெயர். சட்டம் தன் கடமையைச் செய்யும் என்று பின்னால் சொல்லிச் சிரிப்போம். அவர் கைக்குப் போனால் தெரியாதவர் என்று அழுத்திவிட்டுத்தான் மறு வேலை பார்ப்பார். கணக்கு பூட்டப்படும், விசாரணை வரும், அண்ணன் வேலை போகும். அது அண்ணனாக இருந்தால்.

அன்று சாயங்காலம் சமையலறைக்குப் போனேன். அவன் கடைக்குப் போயிருந்தான். அம்மாதான் அனுப்பியிருந்தாள். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அண்ணன் முன்ன மாதிரி இல்லல்ல?"

"இல்ல" என்றாள். கத்தி நிற்கவில்லை.

"நான் அதச் சொல்லல. எங்க ஆபீஸ்ல காட்டுதும்மா. அது அண்ணனே இல்லங்குது."

"உங்க ஆபீஸ்காரங்க சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? பெத்தவளுக்குத் தெரியாதா? வந்த அன்னிக்கே தெரியும்டி."

அவள் ஒரு காயை முடித்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

"கதவத் தட்டற சத்தம் கேட்டுச்சு. என் புள்ள என்னிக்காவது தட்டியிருக்கானா? ஒதைப்பான். தொறந்தேன். கொட்டற மழையில நடந்து வந்தேங்கறான், சட்டையில ஒரு சொட்டு ஈரம் இல்ல. வாசப்படியில அப்பிடியே நின்னான். 'உள்ள வரலாமாம்மா?'ன்னு கேட்டான்."

"அப்பறமும் எதுக்கும்மா உள்ள விட்ட?"

"அம்மான்னு கூப்பிட்டானேடி." இப்போதுதான் கத்தி நின்றது. "இந்த வீட்ல நான் அந்தம்மாவா இருந்து எவ்ளோ காலமாச்சு? உங்கப்பாவ நான் கொன்ன மாதிரி பாத்துட்டுப் போவான், வருவான். நான் செத்துப்போனாக்கூட உங்கிட்டதான் சொல்லுவான், அந்தம்மாவ எடுத்துட்டுப் போகச் சொல்லுன்னு. இது எதுவா வேணா இருந்துட்டுப் போகட்டும். எனக்குக் கால் பிடிச்சு விடுது. அம்மாங்குது."

"அப்ப நம்ம அண்ணன் எங்கம்மா?"

"எங்கயாவது கத்திட்டு இருப்பான். அவனுக்கு நாம என்னிக்கு வேணும்னு இருந்துச்சு?" பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை ஈரமாக, சூடாக இருந்தது. "ஏதோ பட்டன்னு சொல்லுவியே. தெரிஞ்சவன்னு அமுக்கிடு. இவனையும் அனுப்பிடாதடி."

அவள் என்னிடம் இதுவரை எதையும் கெஞ்சியதில்லை. வாசலில் செருப்பு கழற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு எந்தச் சத்தமும் இல்லை. நான் எட்டிப் பார்த்தேன். அவன் கையில் பையோடு வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான்.

"உள்ள வாப்பா" என்றாள் அம்மா. வந்தான்.

மறுநாள் காலை ஆபீஸுக்குப் போனதும் பையைக்கூடக் கீழே வைக்காமல் ஆரஞ்சுக் கட்டத்தைத் திறந்தேன். யோசிக்க ஆரம்பித்தால் செய்ய மாட்டேன் என்று எனக்குத் தெரியும். தெரிந்தவர். அழுத்தினேன். 'பழைய பழக்கம் நீக்கப்பட்டது' என்று வந்தது. கட்டம் மறைந்தது. அம்மாவின் முகம்தான் கண்முன் இருந்தது. நல்லதுதான் செய்தோம் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கும் அந்த அமைதியான வீடு பிடித்திருந்தது என்பதை ஏன் மறைக்க வேண்டும்? சத்தம் போடாத அண்ணனை நானும்தான் ஆசைப்பட்டேன்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தபோது பக்கத்து சீட்டுக்காரி திரையைக் காட்டினாள். "அப்பாடா, மலைமேல கேபிள இழுத்துட்டாங்க போல. உங்க அண்ணன் போன கிளை வந்துருச்சு பாரு." சாம்பலாக இருந்த இடம் பச்சையாகியிருந்தது.

தொடர்பு அறுந்திருக்கிற காலத்தில் பெட்டி சும்மா இருக்காது. கிளையில் நடப்பதையெல்லாம் தன்னிடமே சேர்த்து வைத்துக்கொள்ளும். தொடர்பு வந்ததும் ஒரே மூச்சில் கொட்டிவிடும். யாரும் இல்லாத கடை, கொட்டுவதற்கு என்ன இருக்கும் என்றுதான் நினைத்தேன். திரையில் வரிகள் ஓடத் தொடங்கின. நிற்கவே இல்லை.

ரோடு போன அன்று இரவிலிருந்து ஆரம்பித்திருந்தது. அண்ணன் கணக்கு. பாஸ்வேர்ட் தப்பு. பாஸ்வேர்ட் சரி. ஷட்டரைத் திற. மாமியாரைக் கேட்க முடியவில்லை, காத்திருக்கவும். மறுநாள் காலை: தப்பு, சரி, திற, காத்திருக்கவும். மத்தியானம்: தப்பு, சரி, திற. அவன் நடந்தே வந்துவிட்டான் என்று அம்மா போன் செய்த நாள்: தப்பு, சரி, திற, காத்திருக்கவும். அவன் அம்மாவுக்குக் கால் பிடித்துவிட்ட நாட்கள். நான் டீயைக் கொட்டிய ஞாயிற்றுக்கிழமை. ஒவ்வொரு நாளும், விடிந்ததிலிருந்து இருட்டும் வரை, சில எழுத்துகள் வேகமாக, சில எழுத்துகள் தேடித்தேடி, முதல் தடவை தப்பு, இரண்டாம் தடவை சரி.

கடைசி வரி அப்போதுதான் வந்தது. இந்த நிமிஷத்து வரி. தப்பு. சரி. ஷட்டரைத் திற. இப்போது மாமியாரைக் கேட்க முடிந்தது. அவள் தன் மனசில் இருந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். காலையில் நான் அழித்தது போக மீதி என்ன இருந்ததோ அதோடு. கட்டம் மஞ்சளாகவில்லை, ஆரஞ்சாகவில்லை. நேராகச் சிவப்பு. தெரியாதவர். கணக்கு பூட்டப்பட்டது.

காலையில் நான் ஒரு காபி குடித்துவிட்டு, நாலு பேரிடம் வம்பளந்துவிட்டு, வழக்கம்போலச் சோம்பலாக வேலையைத் தொடங்கியிருந்தால் அந்தக் கதவு தானாகத் திறந்திருக்கும். அவனை யாரும் தேடவில்லை. அவன்தான் வீட்டுக்கு வந்துவிட்டானே, யார் தேடுவார்கள்?

சிவப்பு வந்தால் தகவல் சூப்பர்வைசருக்கும் போகும். சட்டம் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். அதே நேரம் போன் அடித்தது. அந்த மலைக்கடை மேஜையில் இருக்கும் டெலிபோன். அதுவும் பெட்டி வழியாகத்தான் பேசும். திரையில் இருந்த பெயரைப் பார்த்த அவர், "இது உங்க அண்ணன் கணக்குல்ல? நீங்க பேசக்கூடாது. ரூல்" என்று சொல்லிவிட்டு இன்னொரு ஹெட்செட்டை மாட்டினார். என் ஹெட்செட்டில் எனக்கும் கேட்டது.

"ஹலோ! யாரு, ஹெல்ப் டெஸ்க்கா? எத்தன தடவடா அடிக்கறது? மனுசங்கதானா நீங்கல்லாம்?" தொண்டை கட்டியிருந்தது. அண்ணன்.

"சார், உங்க கணக்கு பூட்டியிருக்கு. நீங்க யாருன்னு உறுதிப்படுத்தணும்" என்றார் சட்டம்.

"யாருன்னா? உள்ள மாட்டிக்கிட்டவன்! பின்பக்கம் மண்ணு மூடிக்கிச்சு. முன்னாடி ஷட்டரு உங்களக் கேக்காம தொறக்க மாட்டேங்குது. கரண்டு மட்டும் போகல. பிஸ்கட்டும் ஜூஸுமா உயிர வெச்சுட்டு இருக்கேன். எடுத்ததுக்கெல்லாம் என் பேர்ல பில் போட்டு வெச்சிருக்கேன், திருடன்னு நெனச்சுக்காதீங்க." இருமினான். "ஒருத்தன்கூட தேடி வரலையே சார். எங்க வீட்லகூடவா தேடல?"

பில் போட்டு வைத்திருக்கிறேன் என்று அவன் சொன்னபோது எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. உலகத்தில் என் அண்ணன் ஒருத்தன்தான் சாகும்போதும் பில் போடுவான். வாயைத் திறக்கப் போனேன். சட்டம் கையைக் காட்டி அடக்கினார். பூட்டப்பட்டவர் யார் என்று சந்தேகம் வந்தால், பதிவில் இருக்கும் வீட்டு எண்ணுக்குப் பேசி உறுதிப்படுத்த வேண்டும். அதுதான் முறை. அவர் இந்த லைனைத் துண்டிக்காமலே எங்கள் வீட்டு எண்ணைச் சேர்த்தார்.

"சொல்லுங்க" என்றாள் அம்மா. பின்னால் தட்டில் கரண்டி படுகிற சத்தம், விட்டு விட்டு, ஒரே சீராக.

"அம்மா, மலைமேல கடையில உங்க பையன் மாட்டிக்கிட்டதா ஒருத்தர் சொல்றாரு. லைன்ல இருக்காரு. அவர்தானான்னு நீங்க சொல்லணும்."

கடைப் பக்கத்திலிருந்து, நான் எத்தனையோ வருஷமாகக் கேட்காத குரலில், அவன் கூப்பிட்டான்.

"அம்மா."

கரண்டிச் சத்தம் நின்றது.

"அம்மா, நான்தாம்மா. கதவத் தொறக்கச் சொல்லும்மா."

அம்மாவின் மூச்சு எங்கள் மூவருக்கும் கேட்டது. அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் மூச்சிலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

"என் பையன் இங்க உக்காந்து சாப்பிட்டுட்டு இருக்கான் சார்" என்றாள். "அங்க பேசறது யாருன்னு எனக்குத் தெரியாது." கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. வைத்துவிட்டாள்.

சட்டம் ஹெட்செட்டைக் கழற்றினார். "கடைக்குள்ள எவனோ புகுந்திருக்கான். அவங்க கம்பெனிக்கும் போலீஸுக்கும் சொல்லணும். நீங்க எதையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்கு ஓடினார்.

இரண்டு பொத்தான்களும் திரையில் இருந்தன. இதில் தெரிந்தவர் என்று அழுத்தினால், வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பது தெரியாததாகிவிடும். அதற்கு அப்புறம் அது என்ன செய்யும், அம்மாவின் எதிரே உட்கார்ந்தபடி என்ன முகம் காட்டும் என்று எனக்குத் தெரியாது. ஆளுக்கு ஒன்றுதான். பரீட்சைக்கு நேரமாகிவிட்டது என்று திட்டிக்கொண்டே வண்டியை மிதிக்கிற அவன் முதுகு ஞாபகம் வந்தது. அழுத்தினேன்.

போனில் ஷட்டர் கிறீச்சிட்டு மேலே ஏறுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் காற்று, எங்கேயோ ஒரு பறவை.

"அண்ணா, நான் பேசறேண்ணா. தொறந்தாச்சு. தெரியுதா?"

"ம். வெளிச்சம் வருது."

"அப்பறம் ஏன் நிக்கற? கெளம்புண்ணா. கெளம்பி வா."

அவன் கத்துவான் என்று காத்திருந்தேன். இத்தனை நாள் என்னடி பண்ணிட்டு இருந்தீங்க என்று காது கிழியக் கத்தட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவன் கத்தவில்லை. சின்னப் பையன் கேட்கிற மாதிரி, ரொம்ப மெதுவாகக் கேட்டான்.

"எங்கடி வர்றது?"